1,400 கி.மீ. சுற்றிப் போனால் 2 மணி நேரம் மிச்சம்: டெல்லி - சான் பிரான்சிஸ்கோ விமானக் கணக்கு

2016 அக்டோபர் 16. டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா விமானம் அன்று வழக்கமான திசையில் போகவில்லை. அதுவரை மேற்கே திரும்பி, ஐரோப்பாவையும் அட்லாண்டிக் பெருங்கடலையும் கடந்து சுமார் 13,900 கி.மீ. பறந்துகொண்டிருந்த விமானம், அன்று கிழக்கே திரும்பியது. வங்கதேசம், மியான்மர், சீனா, ஜப்பான் என ஒவ்வொன்றாகத் தாண்டி, பசிபிக் பெருங்கடல் வழியாக அமெரிக்காவைத் தொட்டது. பறந்த தூரம் சுமார் 15,300 கி.மீ.

பழைய வழியைவிட 1,400 கி.மீ. அதிகம். சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் தூரம் கூடுதலாகச் சேர்ந்துவிட்டது. ஆனால், பயணம் 14½ மணி நேரத்தில் முடிந்தது. பழைய வழியைவிட ஏறக்குறைய 2 மணி நேரம் குறைவு!

ரோட்டில் போகும் பஸ்ஸுக்கோ, தண்டவாளத்தில் ஓடும் ரயிலுக்கோ இப்படி ஒரு கணக்கு வராது. விமானத்துக்கு மட்டும் எப்படி? ‘இந்த ஏர்போர்ட்டுக்கும் அந்த ஏர்போர்ட்டுக்கும் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்’ என்று மொபைலில் தேடினால் வரும் விடைக்கும், டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் நேரத்துக்கும், நீங்கள் உண்மையில் சீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? கனெக்டிங் விமானம் பிடிக்க வேண்டியவர்களுக்கு இது வெறும் பொது அறிவுக் கேள்வி அல்ல.

மொபைல் காட்டும் தூரம் எது?

டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையிலான தூரத்தைத் தேடினால், சுமார் 12,400 கி.மீ. என்று விடை வரும். மேலே சொன்ன இரண்டு வழிகளையும்விட இது மிகக் குறைவு. காரணம், இது விமானம் பறக்கும் தூரம் அல்ல. பூமி உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வரும் மிகக் குறுகிய தூரம். கணிதத்தில் இதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர்.

இந்த நூல் எந்த வழியாகப் போகும் தெரியுமா? டெல்லியிலிருந்து கிழக்கேயும் இல்லை, மேற்கேயும் இல்லை. கிட்டத்தட்ட நேர் வடக்கே, கொஞ்சம் கிழக்கே சாய்ந்து போகும். இமயமலை, திபெத், சைபீரியா வழியாக ஆர்க்டிக் கடலில் ஏறி, அங்கிருந்து அலாஸ்கா வழியாகக் கீழே இறங்கும். சுவரில் மாட்டியிருக்கும் தட்டையான உலக வரைபடத்தைப் பார்த்தால் நம்பவே தோன்றாது. பள்ளிக்கூடத்து உலக உருண்டையை எடுத்து நூலை வைத்துப் பாருங்கள், ஒரே நிமிடத்தில் புரிந்துவிடும்.

நேரத்துக்கு இணையதளங்கள் போடும் கணக்கு இன்னும் எளிமையானது. தூரத்தை மணிக்கு 800 கி.மீ. என்பதுபோல ஒரு நிலையான வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி நேரம் கூட்டிவிடுவார்கள். 12,400-ஐ 800-ஆல் வகுத்தால் 15½. அரை மணி சேர்த்தால் 16 மணி நேரம். உண்மைக்கு ரொம்ப தூரம் இல்லைதான். ஆனால் அது தற்செயல். வேகத்தைக் குறைத்துப் போட்டதும், தூரத்தைக் குறைத்துப் போட்டதும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டன, அவ்வளவுதான்.

நேர்கோட்டில் ஏன் பறப்பதில்லை?

முதல் தடை, டெல்லியிலிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே வந்துவிடுகிறது: திபெத். விமானம் 35,000 அடி உயரத்தில் பறக்கும்போது, கீழே 15,000 அடி உயரத்தில் ஒரு பீடபூமி இருந்தால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். எல்லாம் சரியாக இருக்கும்வரை ஒன்றும் இல்லை. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால்தான் சிக்கல்.

அப்போது தலைக்கு மேலிருந்து ஆக்சிஜன் முகமூடிகள் விழும். பெரும்பாலான விமானங்களில் பயணிகளுக்கான ஆக்சிஜன் 12 முதல் 20 நிமிடங்களுக்குத்தான் வரும். அதற்குள் விமானி, முகமூடி இல்லாமல் மூச்சுவிடக்கூடிய சுமார் 10,000 அடி உயரத்துக்கு விமானத்தை இறக்கியாக வேண்டும். திபெத்துக்கு மேல் 10,000 அடிக்கு எப்படி இறங்குவது? தரையே அதற்கு மேலே அல்லவா இருக்கிறது! கூடுதல் ஆக்சிஜன், முன்கூட்டியே வகுத்த தப்பிக்கும் வழிகள் எல்லாம் இருந்தால் இதன் ஓரங்களில் பறக்க முடியும். ஆனால், நீண்ட தூர விமானங்கள் பொதுவாக இந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டே போகின்றன.

அடுத்தது, இரண்டு இன்ஜின் விமானங்களுக்கான விதி. ஒரு இன்ஜின் நின்றுபோனாலும், மீதமுள்ள ஒன்றை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை அடையும் தொலைவிலேயே பாதை அமைய வேண்டும். பசிபிக் கடல், ஆர்க்டிக் பகுதி மாதிரி ஆளில்லா இடங்களில் பாதை வளைந்து வளைந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காற்றுக்கு ஒரு ஆறு

இப்போது 2016-ன் கதைக்கு வருவோம். 15,300 கி.மீ. தூரத்தை 14½ மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். மணிக்குச் சுமார் 1,055 கி.மீ. வருகிறது. ஆனால், இந்த வழித்தடத்தில் பறந்த போயிங் 777 விமானம் காற்றில் செல்லும் வேகம் மணிக்கு 900 கி.மீ. அளவுதான். மீதி 150 கி.மீ. எங்கிருந்து வந்தது? பின்னாலிருந்து தள்ளிய காற்று கொடுத்தது.

விமானத்தின் வேகம் என்பது அதைச் சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்ட வேகம். அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருந்தால், தரையிலிருந்து பார்ப்பவருக்கு வேறு வேகம் தெரியும். காவிரியில் வெள்ளம் போகும்போது பரிசல் ஓட்டுபவருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஓட்டத்தோடு போனால் துடுப்பு போட வேண்டியதில்லை. எதிர்த்துப் போனால் கை ஒடிந்துவிடும்.

தரையிலிருந்து 9 முதல் 16 கி.மீ. உயரத்தில் அப்படி ஒரு ஆறு மேற்கிலிருந்து கிழக்காக ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பது அதன் பெயர். குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலாகப் போய், சீனாவைத் தாண்டி, ஜப்பான் பக்கத்தில் உச்சவேகம் எடுக்கும். அங்கே மணிக்கு 300 கி.மீ.-க்கு மேல் வீசும் நாட்களும் உண்டு. உலகிலேயே மிக வலுவான ஜெட் ஸ்ட்ரீம் பகுதிகளில் அது ஒன்று. டெல்லியிலிருந்து கிழக்கே திரும்பிய விமானம், போகிற வழியில் இந்த ஆற்றில் இறங்கிக்கொண்டது.

இதைக் கண்டுபிடித்தவர் கதை சுவாரசியமானது. ஜப்பானிய வானிலை ஆய்வாளர் வாசாபுரோ ஊயிஷி, 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு மேல்வானக் காற்றை அளந்தார். உலகமே படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, முடிவுகளை எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் வெளியிட்டார். யாரும் படிக்கவில்லை! 1944-ல் ஜப்பான் மீது குண்டு வீசப் போன அமெரிக்க விமானிகள், இந்தக் காற்றில் மாட்டிக்கொண்டு இலக்கு தவறியபோதுதான் உலகம் இதைப் பெரிதாகக் கவனித்தது.

பூமி சுற்றுவதால்தானா இந்த வித்தியாசம் என்று பலரும் கேட்பார்கள். ‘பூமி கிழக்குப் பக்கமாகத்தானே சுத்துது? ஹெலிகாப்டர்ல ஏறி அந்தரத்துல அப்படியே நின்னா, ஊர் தானா காலடிக்கு வந்துடாதா?’ வராது. பூமி சுற்றும்போது அதன் காற்று மண்டலமும் கூடவே சுற்றுகிறது. ஆனால், மறைமுகமாகப் பூமியின் சுழற்சிக்கு இதில் பங்கு இருக்கிறது. நிலநடுக்கோட்டில் இருக்கும் தரையும் காற்றும் மணிக்குச் சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே போகின்றன. டெல்லி இருக்கும் அட்சரேகைப் பக்கம் அந்த வேகம் 1,450 அளவுக்குக் குறைந்துவிடும். நிலநடுக்கோட்டுப் பகுதியில் சூடாகி எழும் காற்று வடக்கே நகரும்போது, தன் கூடுதல் வேகத்தையும் எடுத்துக்கொண்டு வருகிறது. அதனால், அங்கே இருக்கும் தரையைவிட வேகமாகக் கிழக்கே ஓடுகிறது.

எல்லா ஊருக்கும் இதே கணக்கு பொருந்தாது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் சென்னைக்கு மேலே உள்ள மேல்வானக் காற்று நேர் எதிராக, கிழக்கிலிருந்து மேற்கே வீசும். இந்தக் கிழக்கு ஜெட் ஸ்ட்ரீமை 1950-களில் விரிவாக ஆராய்ந்து எழுதியவர் இந்திய வானிலை ஆய்வாளர் பி.கோடீஸ்வரம். அதன் மையம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தாலும், ஜூலை, ஆகஸ்டில் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் விமானம் லேசான எதிர்க்காற்றைச் சந்திக்க வாய்ப்பு உண்டு.

போகும்போது மிச்சமான நேரம் திரும்பி வரும்போது செலவாகி, மொத்தத்தில் சரியாகிவிடும் என்று தோன்றலாம். ஆகாது. 12,000 கி.மீ. தூரம், 900 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொள்வோம். காற்றே இல்லையென்றால் போய்வர 26 மணி 40 நிமிடம். மணிக்கு 150 கி.மீ. காற்று வீசினால், போகும்போது சுமார் 11 மணி 25 நிமிடம், வரும்போது 16 மணி. கூட்டினால் 27 மணி 25 நிமிடம். காற்று முக்கால் மணி நேரத்தைத் தின்றுவிட்டது. எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டியிருப்பதால், நஷ்டம் எப்போதும் லாபத்தைவிடப் பெரிது. அதனால்தான் விமான நிறுவனங்கள் போகும்போது ஒரு வழி, வரும்போது வேறொரு வழி என்று அன்றைய காற்றைப் பார்த்து, தினமும் புதிதாகப் பாதை போடுகின்றன. பசிபிக் வழியும் அப்படித்தான்: காற்று சாதகமாக இருக்கும் நாளில், போகும் திசையில் மட்டும் லாபம்.

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் அல்ல

சென்னை - மதுரை வான்வழித் தூரம் சுமார் 420 கி.மீ. ஜெட் விமானத்தின் வேகத்துக்கு அரை மணி நேரம் போதும். ஆனால், டிக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கும். ஏமாற்று வேலை இல்லை. டிக்கெட்டில் இருப்பது, சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்து விமானம் நகர ஆரம்பித்ததிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் வரையிலான நேரம். விமானத் துறையில் இதை பிளாக் டைம் என்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கும் ஊரில் வட்டமடிப்பது, கேட் காலியாகக் காத்திருப்பது எல்லாம் இதற்குள் அடக்கம். போதாக்குறைக்கு, 10,000 அடிக்குக் கீழே மணிக்குச் சுமார் 460 கி.மீ.-க்கு மேல் போகக் கூடாது என்ற வேகக் கட்டுப்பாடும் உண்டு. மதுரை போன்ற குறுகிய பயணத்தில் விமானம் முழு வேகத்தை எடுத்த சூட்டோடு இறங்கத் தொடங்கிவிடும்.

இதோடு, விமான நிறுவனங்கள் கையிருப்பாகவும் சில நிமிடங்களைச் சேர்த்துவைக்கின்றன. சொன்ன நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் ‘சரியான நேரம்’ என்று கணக்கு. கையிருப்பு இருந்தால் அந்தப் புள்ளிவிவரம் அழகாக இருக்கும். ‘20 நிமிஷம் முன்னாடியே வந்துட்டோம்’ என்று பயணிகள் மகிழ்வதன் ரகசியம் பாதி இதுதான். கோடைக்கால அட்டவணையிலும் குளிர்கால அட்டவணையிலும் ஒரே விமானத்துக்கு வெவ்வேறு பயண நேரம் போட்டிருப்பதையும் பார்க்கலாம். அந்தப் பருவத்தில் வீசும் காற்றின் பழைய பதிவுகளை வைத்துப் போடும் கணக்கு அது.

வானத்திலும் வேலி

காற்றையாவது முன்கூட்டியே கணிக்கலாம். எந்த நாடு எப்போது வானத்தை மூடும் என்பதைக் கணிக்க முடியாது. இந்த வழித்தடம் கடந்த சில ஆண்டுகளில் அதிகம் அடிபட்டது இதில்தான்.

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு, அமெரிக்க, ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது. சான் பிரான்சிஸ்கோ - டெல்லி நேரடிச் சேவையை அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. ஏர் இந்தியாவுக்கு அந்தத் தடை இல்லை. சைபீரியா வழியாகத் தொடர்ந்து பறந்தது. அந்த வசதிக்கும் ஒரு விலை உண்டு என்பது 2023 ஜூன் 6-ல் தெரிந்தது. டெல்லியிலிருந்து 216 பயணிகள், 16 ஊழியர்களோடு சான் பிரான்சிஸ்கோ போய்க்கொண்டிருந்த விமானம், ஒரு இன்ஜினில் கோளாறு தெரிந்ததால், ரஷ்யாவின் தூரக் கிழக்கில் உள்ள மகதான் என்ற ஊரில் இறங்கியது. அவ்வளவு பேரைத் தங்கவைக்க வசதி இல்லாத சிறிய ஊர். மாற்று விமானம் போய், ஜூன் 8-ம் தேதிதான் அவர்கள் அங்கிருந்து கிளம்ப முடிந்தது.

அடுத்த அடி 2025 ஏப்ரல் 24-ல் விழுந்தது. பஹல்காம் தாக்குதலைத் தொடர்ந்து ஏற்பட்ட பதற்றத்தில், இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது. சில நாட்களில் இந்தியாவும் பதிலுக்கு மூடியது. முதலில் ஒரு மாதம் என்று அறிவித்து, பிறகு மாதாமாதம் நீட்டித்துக்கொண்டே போனார்கள். இதன் பாதிப்பு எவ்வளவு பெரியது என்று புரிய ஒரு உதாரணம் போதும். டெல்லியிலிருந்து உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்ட் வெறும் 1,600 கி.மீ.; சென்னையைவிடக் கிட்டம். ஆனால், பாகிஸ்தானைச் சுற்றி, கடல் வழியாக ஈரான் பக்கம் போய் ஏற வேண்டும் என்றதும், இண்டிகோ தன் தாஷ்கண்ட், அல்மாட்டி சேவைகளை ரத்து செய்தது. தன்னிடம் உள்ள விமானங்களால் அவ்வளவு தூரம் பறக்க முடியாது என்பதே சொன்ன காரணம். வரைபடத்தில் இரண்டு ஊர்களும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. தூரம் மட்டும் ஒரே நாளில் பல மடங்கு ஆகிவிட்டது.

அமெரிக்க விமானங்களுக்கு நேர்ந்தது வேறு மாதிரி. திபெத்தைத் தவிர்க்க மேற்கே பாகிஸ்தான் பக்கம் ஒதுங்கும் வழி அடைபட்டதால், ஏர் இந்தியாவின் வட அமெரிக்க விமானங்கள் சில வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் எரிபொருள் நிரப்ப இறங்கின. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து டெல்லி வரும் விமானம் திபெத்துக்குக் கிழக்குப் பக்கமாகச் சுற்றிவந்து, கொல்கத்தாவில் நின்று கிளம்ப வேண்டியதாயிற்று. 2025 நவம்பரில் அப்படிக் கொல்கத்தா வழியாக வந்துகொண்டிருந்த ஒரு விமானம், கோளாறு சந்தேகத்தில் மங்கோலியத் தலைநகர் உலான்பாதரில் இறங்கிய செய்தி பலருக்கு நினைவிருக்கும். ‘டெல்லி வர்ற பிளைட் மங்கோலியாவுக்கு ஏன் போச்சு?’ என்று அன்று கேட்டவர்களுக்கு, உலக உருண்டையும் நூலும்தான் பதில்.

கூடுதலாக ஒரு மணி நேரம் பறப்பது என்றால், ஒரு மணி நேர எரிபொருள் மட்டும் கூடுவதில்லை. அந்த எரிபொருளைச் சுமக்கவும் எரிபொருள் எரிய வேண்டும். எடை எல்லை தாண்டினால் பயணிகளையோ சரக்கையோ குறைக்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் இறங்க வேண்டும். நடுவில் இறங்கினால் விமானிகள், ஊழியர்களின் வேலை நேர வரம்பும் இடிக்கும். டிக்கெட் விலை ஏறுவதன் பின்னால் இத்தனை கணக்கு இருக்கிறது.

உங்கள் டிக்கெட்டுக்கு இதெல்லாம் எதற்கு?

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் இல்லை. வேலைக்கும் படிப்புக்கும் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்குப் போகிற தமிழர்கள் டெல்லி, துபாய், சிங்கப்பூர் என எங்காவது மாறித்தான் போக வேண்டும். இங்கேதான் மேலே சொன்ன கணக்கு பாக்கெட்டைத் தொடுகிறது.

சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகிறதே என்று சென்னை - டெல்லி டிக்கெட்டைத் தனியாகவும், டெல்லி - சான் பிரான்சிஸ்கோ டிக்கெட்டைத் தனியாகவும் போடுபவர்கள் நிறைய. இரண்டும் ஒரே பிஎன்ஆரில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்று ஏற்பாடு செய்வது விமான நிறுவனத்தின் பாடு. தனித்தனியாக இருந்தால், இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் ‘வராத பயணி’. டிக்கெட் பணம் போனது போனதுதான். டிசம்பர், ஜனவரி டெல்லி மூடுபனியில் இரண்டு மணி நேர இடைவெளியை நம்பி இந்தச் சூதாட்டத்தில் இறங்குவது புத்திசாலித்தனம் இல்லை. மறுமுனையிலும் இதே கதை: அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடிநுழைவுச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும்.

தேதி விஷயத்தில் இன்னொரு கவனம். சான் பிரான்சிஸ்கோ நேரம் இந்திய நேரத்தைவிடக் குளிர்காலத்தில் 13½ மணி நேரமும், மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை 12½ மணி நேரமும் பின்தங்கி இருக்கும். அதனால்தான் 2016-ல் ஞாயிறு அதிகாலை 4 மணி வாக்கில் டெல்லியில் கிளம்பிய விமானம், 14½ மணி நேரம் பறந்த பிறகும் அதே ஞாயிறு காலை 6 மணி வாக்கில் அமெரிக்காவில் இறங்கியது. பார்த்தால் இரண்டு மணி நேரப் பயணம் மாதிரி இருக்கும்!

அந்த நாளுக்கான பாக்கி திரும்பும்போது வசூலாகிவிடும். ஜனவரியில் ஒரு ஞாயிறு காலை 9 மணிக்கு அங்கே ஏறினால், 16½ மணி நேரம் பறந்து டெல்லியில் இறங்கும்போது திங்கள் பிற்பகல் 3 மணி. சென்னை விமானம் பிடித்து வீடு வந்து சேரத் திங்கள் இரவு ஆகிவிடும். ஆபீஸில் லீவு எழுதிக் கொடுக்கும்போது செவ்வாயையும் சேர்த்துக் கேட்பது நல்லது.